புண்பட்டவர்களின் சட்டம்

சிறுபான்மையினரையும் வந்தேறிகள் என்று பழிக்கப்படுவோரையும் காப்பாற்ற வேண்டுமானால், அவர்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்பது நல்லெண்ணம் கொண்ட பலரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட முடிவு. மேலோட்டமாகப் பார்த்தால் அதில் குறை காண்பது கடினம். ஆனால் அப்படி ஒரு சட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. இலங்கையில் அது 2007 முதல் இருக்கிறது. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், 56ஆம் இலக்கம். ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் அளவுக்குத் தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்புவது குற்றம் என்கிறது அதன் 3ஆம் பிரிவு. தண்டனை பத்து ஆண்டுகள் வரை கடூழியச் சிறை. நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விசேட சந்தர்ப்பங்களில் மட்டும். மனித உரிமை உடன்படிக்கையின் பெயரைத் தாங்கிய இந்தச் சட்டம் யாரைப் பிடித்தது, யாரை விட்டது என்ற கணக்கைப் பார்த்தால், கருத்துச் சுதந்திரத்தையும் சிறுபான்மையினரின் பாதுகாப்பையும் எதிரெதிர் தட்டுகளில் வைத்து நிறுக்கும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பது புரியும்.

2019 ஏப்ரல் 21, இஸ்லாமியத் தீவிரவாதிகள் நடத்திய ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு அடுத்த வாரங்களில் நடந்ததிலிருந்து தொடங்கலாம். மே மாதத்தில் கண்டி மாவட்டத்தின் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடுத்தியிருந்த ஆடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. பொலிஸார் அதைத் தர்மச்சக்கரம் என்று கொண்டார்கள். இரண்டும் வட்டம், இரண்டிலும் ஆரங்கள் உண்டு. மாலுமி பிடித்துத் திருப்புவதற்காகச் சுக்கானின் ஆரங்கள் வட்டத்தைத் தாண்டிக் கைப்பிடிகளாக வெளியே நீண்டிருக்கும். ஒரு நிமிடம் நிதானித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால் அவர் ஏறக்குறைய மூன்று வாரங்கள் விளக்கமறியலில் இருந்தார். அவர்மீது சாட்டப்பட்டவற்றில் ஐ.சி.சி.பி.ஆர். சட்டமும் ஒன்று. அந்தப் பெண் எதையும் பேசவில்லை, எழுதவில்லை, யாரையும் தூண்டவில்லை. வெறுப்பைப் பரப்புவதற்கு எதிரான சட்டத்தின் கீழ், நாடே அவருடைய சமூகத்தின்மீது வெறுப்பைக் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில், அவர் உள்ளே இருந்தார்.

மறு ஆண்டு கட்டுகஸ்தோட்டையில், ஓய்வுபெற்ற அரச அலுவலரான ரம்ஸி ராசிக்கின் முறை. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தே தீரவேண்டும் என்று அரசாங்கம் பிடிவாதமாக நின்ற காலம் அது. தன் சமூகத்துக்கு எதிரான பிரசாரத்தைக் கருத்துத் தளத்தில் எதிர்கொள்ள வேண்டும், அந்தப் போராட்டத்துக்குப் பேனாவும் விசைப்பலகையுமே ஆயுதங்கள் என்ற பொருளில் அவர் முகநூலில் எழுதினார். அதில் ஜிஹாத் என்ற சொல் இருந்தது. கொலை மிரட்டல்கள் வந்தன. பாதுகாப்புக் கேட்டு அவர் பொலிஸில் முறையிட்டார். 2020 ஏப்ரல் 9ஆம் திகதி கைதானது மிரட்டியவர்கள் அல்ல, முறையிட்டவர்தான். ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு செப்டெம்பரில் பிணையில் வந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கச் சொன்னது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த ஐந்து மாதங்களில் அவரைப் பார்த்து எழுதாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த நீதிமன்றமும் கணக்கெடுக்க முடியாது.

தமிழ் வாசகர்கள் அதிகம் வெட்கப்பட வேண்டிய வழக்கு அஹ்னாஃப் ஜஸீமுடையது. மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் கவிஞர். புத்தளத்தில் தமிழ் கற்பித்தவர். ‘நவரசம்’ என்ற அவருடைய கவிதைத் தொகுப்பு 2017இல் வந்தது. 2020 மே 16 அன்று, இம்முறை பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், அவர் கைதானார். தொகுப்பு தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்பது புலனாய்வாளர்களின் குற்றச்சாட்டு. உண்மையில் போரையும் வன்முறையையும் தீவிரவாதத்தையும் எதிர்க்கும் கவிதைகள் அதிலேயே இருக்கின்றன. தமிழ் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் வாசித்து இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது மாதங்கள் அவர் தடுப்பிலும் சிறையிலும் கிடந்தார். 2021 டிசம்பரில்தான் பிணை. புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தபோது 2023 டிசம்பர் ஆகியிருந்தது. பரணிக்கும் கலம்பகத்துக்கும் பதிப்புகள் கொண்டுவரும் ஒரு மொழியில், ஒரு மெலிந்த கவிதைத் தொகுப்பை எடுத்துப் படித்து இதில் குற்றம் ஒன்றுமில்லை என்று உரக்கச் சொன்ன குரல்கள் அந்தத் தொடக்க மாதங்களில் மிகக் குறைவாகவே இருந்தன.

கணக்கின் மறுபக்கத்துக்கு வருவோம். 2014 ஜூன் 15 அன்று அளுத்கமவில் பௌத்த தீவிர அமைப்பான பொதுபல சேனா கூட்டம் நடத்தியது. அதன் பொதுச் செயலாளர் கலகொட அத்தே ஞானசார தேரர் முஸ்லிம்களை வெளிப்படையாக எச்சரித்துப் பேசிய காணொளியை இன்றும் பார்க்கலாம். கூட்டம் கலைந்த கையோடு அளுத்கமவிலும் தர்கா நகரிலும் பேருவளையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்துக்கு அப்போது ஏழு வயது. பேசியவர், பேச்சு, கேட்டுக்கொண்டிருந்த கூட்டம், சில மணி நேரத்துக்குள் நடந்த வன்முறை என்று அந்தப் பிரிவு கேட்கும் அத்தனையும் ஒரே இடத்தில் கூடியிருந்தன. அந்தப் பேச்சுக்காக அவர் தண்டிக்கப்படவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காக 2018இல் சிறை சென்றவரை 2019 மே மாதம் ஜனாதிபதி மன்னித்து அனுப்பினார். 2021இல் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்குத் தலைவராக இன்னொரு ஜனாதிபதி அவரையே அமர்த்தினார். 2016இல் இஸ்லாத்தை இழிவுபடுத்திப் பேசியதற்காக 2024இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டு சிறை விதித்தது உண்மை. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அவரைத் தாங்கிய அரசியல் சரிந்த பிறகு, அது நடந்தது.

இந்தக் கணக்கை வெறும் பாரபட்சம் என்று எழுதி மூடிவிட முடியாது. மனம் புண்படுவதைக் குற்றத்துக்கு அளவாக வைத்தால், புண்பட்டது யாருடைய மனம் என்பதை முடிவு செய்பவர் முறைப்பாட்டை எழுதிக்கொள்ளும் பொலிஸ்காரர். அவர் எந்த ஊரில் வளர்ந்தவர், எந்த மொழியில் முறைப்பாட்டை எழுதுகிறார், பொலிஸ் நிலையத்தின் வாசலில் எத்தனை பேர் திரண்டு நிற்கிறார்கள் என்பவையெல்லாம் அந்த முடிவுக்குள் இருக்கின்றன. நூறு பேரோடு வரும் பிக்குவின் வருத்தம் அவருக்குச் சட்டப் பிரச்சினையாகத் தெரியும். தனியாக வரும் மௌலவியின் வருத்தமோ பொதுவாகச் சொல்லப்பட்ட ஒரு கவலையாக மட்டுமே தெரியும். தமிழர்களுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இன நல்லுறவைக் குலைப்பதும் ஒரு குற்றம். போர்ப் பகுதிகளில் தமிழ்ப் பொதுமக்கள் படும் பாட்டை ‘நோர்த் ஈஸ்டர்ன் மந்த்லி’ என்ற ஆங்கில மாத இதழில் 2006இல் எழுதிய ஜே.எஸ். திஸ்ஸநாயகத்துக்கு 2009 ஆகஸ்ட் 31 அன்று கொழும்பு மேல் நீதிமன்றம் இருபது ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. இன முரண்பாட்டை மூட்ட முனைந்தார் என்பது தீர்ப்பு. மறு ஆண்டு உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளன்று மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. துன்பத்தை விளைவிப்பவர்களுக்கு அந்தத் துன்பத்தைப் பற்றிய செய்தியே மனத்தைப் புண்படுத்துவதாக இருக்கும். சட்டம் அந்தப் புண்ணுக்கு மருந்திட்டது.

இதற்கு எதிரான வலுவான வாதம், சொற்கள் கொல்கின்றன என்பது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிமின் சாப்பாட்டுக் கடையில் உண்ண வந்தவர்கள் குழம்பில் ஒரு சிறு கட்டியைக் கண்டார்கள். அது சிங்களவருக்குப் பிள்ளைப்பேறு இல்லாமல் செய்யும் மாத்திரை என்று சொல்லி கடைக்காரரை மிரட்டி, அவர் தடுமாறிச் சொன்ன பதிலைக் காணொளியாக எடுத்துப் பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிற்பாடு நடந்த இரசாயனப் பரிசோதனையில் அது மாவுக்கட்டி என்று தெரிந்தது. அதற்குள் மார்ச் வந்து, கண்டி மாவட்டத்தின் திகனவில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்துவிட்டன. அவசரகால நிலை அறிவித்து, முகநூலையும் வாட்ஸ்அப்பையும் நாடு முழுக்க முடக்க வேண்டியதாயிற்று. இந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் முகநூல் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. 2019இல் அதே மாத்திரைக் கதை உருமாறி வந்தது. ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குக் கள்ளத்தனமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்கள நாளிதழ் முதல் பக்கத்தில் எழுத, பழி குருநாகல் மருத்துவமனையின் டாக்டர் ஷாபி மேல் விழுந்தது. அவர் கைதானார். சான்று எதுவும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு பேச்சுதானே, போகட்டும் என்று யார் சொல்ல முடியும்?

நான் அப்படிச் சொல்லவில்லை. மனத்தைப் புண்படுத்தும் பேச்சையும் ஒருவரை அடிக்க ஆள் திரட்டும் பேச்சையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் சிக்கலின் வேர். திகன நகரில் சிங்களவரின் கடைகளைத் தேடியும் கிடைக்கவில்லை என்று காணொளி போட்டு, இன்ன இடத்துக்கு வந்து சேருங்கள் என்று ஆள் கூட்டுவது ஒரு செயல். அதற்கு முகவரி உண்டு, நேரம் உண்டு, இலக்கு உண்டு. அந்தக் காணொளியைப் போட்ட, மஹசோன் பலகாய அமைப்பின் அமித் வீரசிங்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் கைதானது அந்தச் சட்டம் தன் வேலையைச் செய்த அரிய தருணங்களில் ஒன்று. 2012இல் மொரோக்கோவின் ரபாத் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் அவையின் நிபுணர்கள் ஆறு கேள்விகளை வகுத்தார்கள்: சூழல் என்ன, பேசியவருக்கு என்ன செல்வாக்கு, நோக்கம் என்ன, பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும் என்ன, அது எவ்வளவு பேரை எட்டியது, அதனால் தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு உடனடியானது. அளுத்கம மேடையை இந்தக் கேள்விகளுக்குமுன் நிறுத்தினால் ஆறுக்கும் பதில் கிடைக்கும். ஹசலகப் பெண்ணின் ஆடை முதல் கேள்வியையே தாண்டாது. கேட்பவர் மனம் புண்பட்டதா என்ற கேள்வி அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சட்டத்தில் பிழையில்லை, அதை நடத்துபவர்களிடம்தான் பிழை என்பார்கள் சிலர். 3ஆம் பிரிவின் வாசகங்கள் சர்வதேச சமவாயத்தின் 20ஆம் உறுப்புரையை ஒட்டியவை. எழுத்தளவில் அவை தூண்டுதலைத்தான் கேட்கின்றன. உண்மை. ஆனால் ஒரு சட்டத்தை யார் கையில் எடுப்பார்கள் என்பதையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும். சமவாயம் வரைவில் இருந்தபோதே எலினோர் ரூஸ்வெல்ட் இந்த உறுப்புரையை எதிர்த்தார். வெறுப்பைத் தடுக்கிறோம் என்ற போர்வையில் எல்லா விமர்சனத்தையும் தண்டிக்க அரசாங்கங்களுக்கு இது வழிவிடும் என்பது அவர் அச்சம். அன்று அதை முன்தள்ளியவை சோவியத் அணி நாடுகள். இலங்கையில் அவர் அஞ்சியபடிதான் நடந்தது. சிங்களச் சிறுகதை எழுத்தாளர் ஷக்திக சத்குமார, பௌத்த மடமொன்றில் நடக்கும் பாலியல் சுரண்டலைக் கோடிகாட்டும் ‘அர்த’ என்ற கதையை முகநூலில் வெளியிட்டார். பிக்குகளின் முறைப்பாட்டின் பேரில் 2019 ஏப்ரல் 1 அன்று இதே சட்டத்தில் கைதாகி நான்கு மாதங்கள் சிறையில் இருந்தார். யாருக்கு எதிராக யாரை அவர் தூண்டினார்? பெரும்பான்மையினருக்குள் இருந்து எழும் மாற்றுக் குரல் அடங்கினால், சிறுபான்மையினருக்குத் துணையாக வரக்கூடிய முதல் ஆட்களும் அதோடு போய்விடுகிறார்கள். அந்தக் கதை எழுத ஒரு சிங்களவருக்கு இடமில்லாத நாட்டில், அளுத்கமவைப் பற்றிச் சிங்களத்தில் நேர்மையான ஒரு நாவலை எதிர்பார்ப்பது எப்படி?

வந்து குடியேறியவர் விருந்தாளி, விருந்தாளி வீட்டுக்காரரை விமர்சிக்கக் கூடாது என்ற எண்ணம் இந்தச் சட்டங்களைவிட இன்னும் ஆழமானது. இதற்கு இலங்கை ஒரு காலத்தில் மிக உயர்ந்த பதில் ஒன்றைச் சொன்னது. மார்க் பிரேஸ்கர்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து மடுல்கலைக்குத் தேயிலைத் தோட்டத் துரையாகப் பயிற்சி பெற வந்த இளைஞர். தொழிலாளர்களை நடத்தும் முறை கண்டு மனம் கொதித்து லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 அன்று நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரின் சொகுசையும் கூலிகளின் நிலையையும் ஒப்பிட்டுப் பேசினார். நாட்டைவிட்டு வெளியேறும்படி தேசாதிபதி ஸ்டப்ஸ் உத்தரவிட்டார். கொடுத்த அவகாசம் இரண்டு நாள். பிரேஸ்கர்டில் தலைமறைவானார். மே 5 அன்று காலிமுகத்திடலில் பெரும் கூட்டத்தின் முன் மேடையேறினார். கைதானதும் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. பேசினார் என்பதற்காக ஒருவரை நாடு கடத்தும் அதிகாரம் தேசாதிபதிக்கு இல்லை என்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நேற்று வந்த அந்நியன் பேசும் உரிமைக்காக ஊர் திரண்ட நாள் அது. ஆனால் அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களைப் பதினொரு ஆண்டுகளில், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1947இல் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு 1952இல் அங்கே ஒரு பிரதிநிதியும் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களிடம் குரல் என்று எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. இந்த மலையகத் தமிழரை அழித்தது வெறுப்புப் பேச்சைவிட, அவர்கள் பேச முடியாமல் போனதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியானால் சிறுபான்மையினர் தங்களைப் பற்றிய இழிசொற்களைச் சகித்துக்கொள்ள வேண்டுமா? வன்முறைக்கு அழைக்காத இழிசொல்லைப் பொறுத்தவரை, சட்டத்தைக் கூப்பிடக் கூடாது என்பதே என் பதில். இது லேசான விலை அல்ல. அந்த விலையைக் கட்டுபவர் அந்தச் சொல்லுக்கு இலக்காகாத என்னைப் போன்றவர் அல்ல, பஸ்ஸில் பர்தாவோடு ஏறும் பெண் என்பதையும் மறக்கவில்லை. அவருக்கு ஆதரவாகப் பேசுவது பஸ்ஸில் இருக்கும் மற்றவர்களின் கடமை. அதைப் பொலிஸிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியபோது என்ன நடந்தது என்பதை மேலே பார்த்தோம். கூடவே, சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் சில நாட்களுக்குள், யாழ்ப்பாணத்தில் சில மணி நேரத்துக்குள், வெளியேற்றினார்கள். அஹ்னாஃபின் சிலாவத்துறையும் அப்படி வெறுமையாக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. தமிழில் அதைத் தவறென்று எழுதுவது தமிழரின் மனத்தைப் புண்படுத்தும் காரியமாக நீண்ட காலம் கருதப்பட்டது. எழுதத் துணிந்தவர்களுக்குத் துரோகிப் பட்டம் கிடைத்தது. இயக்கங்களின் அத்துமீறல்களைப் பதிந்த ராஜினி திராணகம அதற்கு முந்தைய ஆண்டே யாழ்ப்பாணத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். புண்பட்டோம் என்ற சொல்லைக் கையில் எடுக்க ஆட்சி தேவையில்லை, துப்பாக்கியோ ஊர்க்கட்டுப்பாடோ போதும்.

கொழும்பு மேல் நீதிமன்றம் 2023 ஜூலையில் ஒரு நல்ல தொடக்கத்தைச் செய்தது. புத்தரைப் பற்றிய நகைச்சுவைக்காக ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில் கைதான நடாஷா எதிரிசூரியவுக்குப் பிணை வழங்கிய நீதிபதி ஆதித்ய பட்டபெந்திகே, தூண்டுதல் இல்லாத இடத்தில் 3ஆம் பிரிவு இல்லை என்பதைத் தெளிவாக்கினார். ஆனால் மே இறுதியில் கைதானவர் இந்தத் தெளிவு கிடைப்பதற்குள் ஐந்து வாரங்களுக்கு மேல் உள்ளே கழித்துவிட்டார். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் வந்து, இதே மங்கலான அளவுகோலை இணையம் முழுவதற்கும் நீட்டியிருக்கிறது. திருத்த வேண்டியவை பெரிய காரியங்களும் அல்ல. பிணை வழங்கும் அதிகாரத்தை நீதவானிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரபாத்தின் ஆறு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லி, சட்டமா அதிபரின் அனுமதி பெற்ற பிறகே இந்தப் பிரிவில் ஒருவரைக் கைதுசெய்யலாம் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். ஆள் திரட்டித் தாக்கச் சொன்னவர் மீது வழக்குப் போடாமல் விட்டால், ஏன் விட்டோம் என்பதையும் அதே அலுவலகம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அளுத்கமவுக்கு அந்தக் காகிதம் இன்றுவரை எழுதப்படவில்லை.